விளக்கு எரியாத பழுது

மழை விட்ட பிறகுதான் எங்களுக்கு வேலை தொடங்கும். 1977இல் கோலசிலாங்கூர் வட்டாரத்துக்கு வந்த முதல் மாதமே இது எனக்குப் பிடிபட்டுவிட்டது. மத்தியானம் மூன்று மணிக்கு இடியும் மழையுமாகக் கொட்டும். ஐந்து மணிக்கு வெயில் எட்டிப் பார்க்கும். ஆறு மணிக்கெல்லாம் தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பிக்கும்.

அப்போது நான் இருந்தது ஸ்ட்ரௌஜர் வகை எக்ஸ்சேஞ்ச். சுவருக்குச் சுவர் இரும்பு ரேக்குகள், அவற்றில் தட்டுத் தட்டாக செலக்டர்கள். வெளியே யாரோ எண்ணைச் சுழற்றினால் உள்ளே ஒரு பித்தளைத் தண்டு டக் டக்கென்று மேலேறி, பக்கவாட்டில் திரும்பி, அடுத்த செலக்டரைப் பிடிக்கும். பேசி முடித்து வைத்ததும் தண்டு சரேலென்று கீழே விழும். நூறு பேர் ஒரே நேரத்தில் பேசினால் தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை பெய்கிற மாதிரி இருக்கும். அந்தச் சத்தத்துக்கு நடுவில் அலாரம் மணி அடித்தால் காது தானாகப் பிரித்துக்கொள்ளும். மணி அடித்ததும் முதலில் எந்த வரிசையின் முனையில் விளக்கு எரிகிறது என்று பார்ப்போம். அந்த வரிசைக்குள் நுழைந்தால் ஒரு ரேக்கின் தலையில் விளக்கு. ஏணி போட்டு ஏறினால் தட்டின் ஓரத்தில் இன்னொரு சின்ன விளக்கு. ஃபியூஸ் போயிருந்தால் ஃபியூஸின் நுனியிலிருக்கும் வண்ண மணி துருத்திக்கொண்டு நிற்கும். வீட்டுக்கு வழி கேட்டால் தெரு, சந்து, வாசல் என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போகிற மாதிரி அந்த விளக்குகள் கூட்டிப்போகும்.

மழைக்குப் பிறகு எரிவது வேறு வகை. ரிசீவரை எடுத்துவிட்டு எண் சுழற்றாமல் வைத்திருந்தால் அந்த லைனுக்கான விளக்கு நின்று எரியும். ‘பெர்மனென்ட் குளோ’ என்று பெயர், எங்கள் வாயில் ‘பீஜி’. கேபிளுக்குள் தண்ணீர் புகுந்து இரண்டு கம்பியும் ஒட்டிக்கொண்டாலும் எக்ஸ்சேஞ்சுக்கு ரிசீவரை எடுத்த மாதிரிதான் தெரியும். ஒரு சாயங்காலம் நாற்பதுக்கு மேல் பீஜி. நான் சுறுசுறுப்பாக ஓடி ஓடி, வெளிக் கேபிள்கள் வந்து சேரும் மெயின் பிரேமில் ஒவ்வொரு லைனையும் தடுத்து விளக்கை அணைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு மேலிருந்தவரை எல்லாரும் பெரியண்ணன் என்போம். அவர் வாசலில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: “விளக்க அணைக்கவா சம்பளம் குடுக்கிறான்? நம்பர எழுது தம்பி.”

எழுதினேன். சீனர் மளிகைக் கடை, போலீஸ் நிலையம், ஒரு பள்ளிக்கூடம், மீன் வியாபாரி, கிளினிக். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத எண்கள். பெரியண்ணன் கேபிள் அட்டைகளை எடுத்து ஒவ்வொரு போன் எண்ணுக்கும் எதிரே அது எந்த ஜோடிக் கம்பியில் போகிறது என்று பென்சிலால் குறித்தார். இரண்டு மூன்றைத் தவிர எல்லாம் 151க்கும் 200க்கும் இடைப்பட்ட ஜோடிகள். அந்த ஐம்பது ஜோடியும் ஒரே இடத்தில்தான் பெரிய கேபிளிலிருந்து பிரிகின்றன, ஆற்றங்கரைக் குழியில். இரவு எட்டு மணிக்குப் போய் மூடியைத் திறந்தோம். முழங்கால் அளவு தண்ணீர். ஜாயிண்டைப் பொதிந்திருந்த ஈய உறையில் மயிர்க்கோடு மாதிரி ஒரு வெடிப்பு. அந்தக் காலத்துக் கேபிளில் கம்பிகளுக்குக் காகிதம்தான் காப்பு, அது ஈரத்தில் ஊறிப் பழுப்பாகக் கிடந்தது. தண்ணீரை இறைத்துவிட்டு, பாரஃபின் மெழுகை அடுப்பில் காய்ச்சி, கரண்டியால் அந்தக் கம்பிக் கொத்தின் மேல் ஊற்றிக்கொண்டே இருந்தார் பெரியண்ணன். முதலில் சடசடவென்று பொரியும், ஈரம் நுரையாகப் பொங்கும். நுரை அடங்கிச் சத்தமில்லாமல் மெழுகு வழியத் தொடங்கினால் ஈரம் போய்விட்டது என்று அர்த்தம். விடியற்காலை எக்ஸ்சேஞ்சுக்குத் திரும்பியபோது ஒரு விளக்கும் எரியவில்லை.

போன் எண்ணை வைத்துத் தேடியிருந்தால் அது நாற்பது பழுது. கேபிளை வைத்துத் தேடியதால் ஒரு பழுது. பிறகு வந்த எத்தனையோ இயந்திரங்களில் நான் வேலை பார்த்தது இந்த ஒரு பாடத்தை வைத்துத்தான்.

அந்தப் பாடத்தின் மறுபாதியைக் கற்றுத் தந்தது ஒரு தோட்டம்.

அப்போது எங்கள் வட்டாரத்தில் ஊர்களைவிடத் தோட்டங்கள் அதிகம். பத்தாங் பெர்ஜுந்தை, இன்றைக்குப் பெஸ்தாரி ஜெயா, அதைச் சுற்றியும் ஈஜோக், புக்கிட் ரோத்தான், ஜெராம் பக்கமும் ரப்பர்க் காடும் செம்பனைக் காடும்தான். மலேசியாவில் வியாபாரத்துக்காக முதன்முதலில் செம்பனை நட்டதே இங்கேயிருக்கும் தென்னமரம் தோட்டத்தில்தான், 1917இல். நட்டவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். நான் வேலைக்கு வந்த காலத்தில் பால்மரத்தை வெட்டிவிட்டு வேகவேகமாகச் செம்பனை போட்டுக்கொண்டிருந்தார்கள். இது எங்கள் வேலையையும் மாற்றியது. பால்மரக் காட்டில் கம்பி மேல் விழுந்தால் ஒரு கிளை விழும், சருகு விழும். செம்பனை மட்டை அப்படியில்லை. முள்ளும் கனமுமாக ஆள் உயரத்தை மிஞ்சிய மட்டை, மேலேயிருந்து விழுந்தால் கம்பி தாங்காது.

ஒரு தோட்டத்துக்கு ஒன்று அல்லது இரண்டு போன். ஆபீசில் கிராணியார் மேசையில் ஒன்று, துரை பங்களாவில் ஒன்று. லயத்தில் இருநூறு குடும்பம் இருந்தாலும் ஆபத்துக்கு ஓடுவது அந்த ஆபீஸ் போனுக்குத்தான். இரவில் ஆபீஸ் சாவி கிராணியார் வீட்டில் இருக்கும்.

1981 என்று நினைவு. காலை ஏழு மணிக்கு ஒரு தோட்டத்துக் கிராணியார் மோட்டார் சைக்கிளில் எக்ஸ்சேஞ்ச் வாசலுக்கே வந்துவிட்டார். கண் சிவந்திருந்தது. “ரெண்டு நாளா எங்க போனு செத்துக் கெடக்கு. உங்களுக்கு அது தெரியவே தெரியாதா?” என்றார். உள்ளே ஒரு விளக்கும் எரியவில்லை, மணியும் அடிக்கவில்லை. முந்தின இரவு லயத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி எடுத்து நிலைமை மோசமாகியிருக்கிறது. ஆம்புலன்சுக்குப் போன் போட ஓடினால் டோன் இல்லை. துரை வீட்டு லைனும் அதே கம்பத்தில்தான் போகிறது. கடைசியில் தோட்டத்து லாரியில் ஏற்றித் தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். தாய் பிழைத்தார். பிள்ளை தங்கவில்லை.

அன்றைக்குப் போய்ப் பார்த்தேன். வெட்டுக்காரர் தள்ளிய மட்டை ஒன்று கம்பியை அறுத்துக்கொண்டு வரப்பில் கிடந்தது. ஒட்டிக்கொண்ட லைன் எக்ஸ்சேஞ்சுக்கு ரிசீவரை எடுத்த மாதிரி தெரியும், விளக்கு எரியும். அறுந்த லைனோ ரிசீவரை வைத்த மாதிரி தெரியும். யாரும் பேசாத நேரத்தில் நல்ல போனும் அறுந்த போனும் அதற்கு ஒன்றுதான். இது படிக்கும்போதே தெரிந்த விஷயம். மின்சுற்று வரைபடத்தில் நானே விரலை வைத்து விளக்கிக் காட்டுவேன். அதற்கு ஒரு உயிர் கணக்காகும் என்பது வரைபடத்தில் இல்லை.

மறுநாள் முதல் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். எங்கள் எக்ஸ்சேஞ்சிலிருந்து போகும் தோட்ட ஆபீஸ் லைன்களை எல்லாம் ஒரு அட்டையில் எழுதினேன். மொத்தம் பதினான்கு. காலையில் பசியாறப் போகும் முன்னால் பதினான்கையும் ஒவ்வொன்றாக அழைப்பேன். “எக்ஸ்சேஞ்சுலேர்ந்து பேசுறேன், லைன் பாக்குறேன்” என்பேன். பெரட்டு முடிந்து ஆபீசுக்கு வந்திருக்கும் கிராணிமார் “நல்லாருக்கு தம்பி” என்று வைத்துவிடுவார்கள். கால் மணி நேர வேலை. மணி அடித்தும் எடுக்காத தோட்டத்துக்கு எட்டு மணிக்கு மறுபடி அழைப்பேன். அப்போதும் எடுக்காவிட்டால் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். அறுந்த லைனிலும் அழைப்பவர் காதில் மணி அடிப்பதாகத்தான் கேட்கும் என்பதை மறந்துவிடக் கூடாது.

1980களில் மின்னணு எக்ஸ்சேஞ்சுகள் வந்தன. நாட்டில் முக்கியமாக இரண்டு குடும்பம்: எரிக்சனின் ஏஎக்ஸ்இ, என்இசியின் நீயாக்ஸ். 1987 ஜனவரி முதல் தேதி டெலிகாம் இலாகாவே நிறுவனமாகிவிட்டது. நாங்கள் அரசாங்க ஊழியராகத் தூங்கி நிறுவன ஊழியராக விழித்தோம். என் பங்குக்கு வந்தது ஏஎக்ஸ்இ. செலக்டர் சத்தம் போய் ஏர்கான் சத்தம் மட்டும் மிச்சம். விளக்கைப் பின்தொடர்ந்து நடக்க வேண்டியதில்லை. முனையத்தில் ஏஎல்எல்ஐபி என்று ஐந்து எழுத்தை அடித்தால் நிலுவையிலுள்ள அலாரம் எல்லாம் தேதி, நேரத்தோடு அச்சாகிவிடும். ஏ1 என்றால் போட்டது போட்டபடி ஓடு, ஏ2 என்றால் இன்றைக்கே பார், ஏ3 என்றால் நேரம் கிடைக்கும்போது பார்.

புதிதாக வந்த பையன்களுக்கு அந்தப் பட்டியல்தான் பெரிய குழப்பம். எக்ஸ்சேஞ்சின் கிளையான தூரத்து யூனிட் ஒன்றுக்குப் போகும் இரண்டு மெகாபிட் லிங்க் அறுந்தால் முப்பது பேச்சு வழி போகும். அதை நம்பியிருக்கும் ஒவ்வொரு பாகமும் தனித்தனியாக அலறும். பட்டியல் இரண்டு பக்கத்துக்கு நீளும். பையன்கள் கடைசியாக வந்ததைப் பிடித்துக்கொண்டு கார்டு மாற்றத் தொடங்குவார்கள். நான் அவர்களிடம் நேரத்தை மட்டும் பார்க்கச் சொல்வேன். எல்லாவற்றுக்கும் முந்தி வந்த ஒரு வரி இருக்கும். அழுகிற வீட்டில் எல்லாரும் அழுதாலும் முதலில் அழுதவரிடம்தான் விஷயம் கேட்க வேண்டும்.

தானாக வந்து தானாகப் போகிற அலாரத்துக்கு இதுவும் போதாது. தஞ்சோங் காராங் தாண்டி உள்ளே கரிமண் பூமி, மலாயில் காம்புட் என்பார்கள். கால் வைத்தால் மெத்தை மாதிரி அமுங்கும். அங்கே ஒரு சிறிய யூனிட். வாரத்தில் சில நாள் லிங்க் நான்கைந்து வினாடி போய்த் திரும்பி வரும். பேசிக்கொண்டிருக்கிறவர்கள் எல்லாரும் அறுந்துபோவார்கள். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் பச்சை. மூன்று முறை கார்டு மாற்றினார்கள். கடைசியில் நான் போய் மூன்று நாள் அந்த அறையிலேயே உட்கார்ந்தேன். இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் நாற்காலியை விட்டுத் தரையில் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபோது, உட்கார்ந்த இடம் அசைந்தது. வெளியே செம்பனைக் குலை ஏற்றிய லாரி போகிறது. அதே நொடி அலாரம். மில்லிலிருந்து காலியாகத் திரும்பிய லாரிக்கு ஒன்றும் நடக்கவில்லை. லிங்க் கேபிள் வந்து சேரும் பிரேமில் ஒவ்வொரு பிளக்காக விரலால் ஆட்டிப் பார்த்தேன். ஒன்றில், வெளிச்சுற்றுக் கம்பியின் ஈயப்பற்று தலைமயிர் அளவுக்கு விட்டிருந்தது. சூடு வைத்துப் பற்றவைக்க ஐந்து நிமிடம்.

அன்றிரவு பழைய அச்சுத் தாள்களை எல்லாம் விரித்துப் பார்த்தேன். எல்லா அலாரமும் காலை பதினொன்றுக்கும் மாலை நாலுக்கும் நடுவில். ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை. லாரி ஓடும் நேரத்தை அந்தத் தாள் முதல் வாரத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தது. தோட்டத்து வேலை நேரம் தெரிந்த யாராவது அதை வாசித்திருக்க வேண்டும்.

எலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. செம்பனை வந்த இடத்தில் எலி பெருகும். அதனால்தான் தோட்டங்களில் கம்பம் நட்டுப் பெட்டி வைத்துக் கூகை வளர்க்கிறார்கள். பழம் கிடைக்காத நாளில் எலி எங்கள் கேபிளைக் கடிக்கும். பக்கத்துத் தோட்டத்தில் கூகைப் பெட்டி வைத்த பிறகு எங்கள் யூனிட் ஒன்றில் கேபிள் கடி பாதியாகக் குறைந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

நான் மிகவும் அஞ்சுவது நாள்பட்ட அலாரத்தை. பட்டியலில் ஒரு ஏ3 வந்து நிற்கும். இன்றைக்கு நேரமில்லை, நாளைக்குப் பார்க்கலாம். ஒரு மாதம் போனால் கண் அதைத் தாண்டிப் போகப் பழகிவிடும். சுவரில் மாட்டிய காலண்டர் மாதிரி ஆகிவிடும். 1996 ஆகஸ்டு 3, சனிக்கிழமை. மாலை ஐந்து மணி தாண்டியதும் தீபகற்ப மலேசியா முழுக்க மின்சாரம் போய்விட்டது. நான் பொறுப்பிலிருந்த எக்ஸ்சேஞ்சில் மின்சாரம் போனதற்கான அலாரம் வந்தது, பேட்டரி சுமையை எடுத்துக்கொண்டது, எல்லாம் முறைப்படி. அடுத்து ஜெனரேட்டர் தானாகக் கிளம்ப வேண்டும். கிளம்பவில்லை. அதன் ஸ்டார்ட்டர் பேட்டரி பலவீனம் என்று மூன்று மாதமாக ஒரு ஏ3 பட்டியலில் நின்றுகொண்டிருந்தது. அதைத் தினமும் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன்.

எக்ஸ்சேஞ்ச் ஓடுவது 48 வோல்ட்டில், பெரிய பெரிய பேட்டரி செல்கள் 24 வரிசையாக. டார்ச் லைட்டில் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 50, 49, எட்டு மணிக்கு 48க்குக் கீழே. அன்றைக்கு எல்லாரும் போனைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்கள், பேட்டரி வழக்கத்தைவிட வேகமாக இறங்கியது. கடைகள் எல்லாம் மூடிக் கிடக்க, பக்கத்துத் தோட்டத்து மண்டோர் வீட்டுக்கு ஓடினேன். காலையில் வழக்கமாக அழைக்கும் பதினான்கில் அந்தத் தோட்டமும் ஒன்று. “எக்ஸ்சேஞ்ச் தம்பியா? எடுத்துக்கிட்டுப் போங்க” என்று டிராக்டர் பேட்டரியைத் தானே கழற்றிக் கொடுத்தார். ஜெனரேட்டர் கிளம்பியபோது மீட்டர் 46இல் நின்றது. அன்று இரவு வீடுகளில் விளக்கில்லை, விசிறியில்லை, ஆனால் ரிசீவரை எடுத்தால் டோன் இருந்தது. அந்த டோனுக்கான மின்சாரம் எங்கள் பேட்டரியிலிருந்து செம்புக் கம்பி வழியாக ஒவ்வொரு வீட்டுக்கும் போய்க்கொண்டிருந்தது.

2005இல் புகைமூட்டம். ஆகஸ்டு 11ஆம் தேதி போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலை அறிவித்தார்கள், காற்று மாசுக் குறியீடு 500ஐத் தாண்டிவிட்டது. அதற்குள் அலாரம் எல்லாம் நகரத்து மையம் ஒன்றுக்குப் போகத் தொடங்கியிருந்தது. அங்கிருந்து ஒரு பெண் அழைத்து, “அறை வெப்பம் ஏறுது சார், ஏர்கான் ஓடுதுன்னு காட்டுது, சென்சார்தான் பழுதா இருக்கும்” என்றார். போய்ப் பார்த்தால் இரண்டும் உண்மை: ஏர்கான் ஓடுகிறது, அறை கொதிக்கிறது. ஃபில்டரைக் கழற்றினேன். கரி அப்பிக் கறுப்புக் கம்பளி மாதிரி இருந்தது. அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். எதிர்க் கட்டடம் தெரியாத அளவுக்குப் புகை சூழ்ந்திருப்பதை அவருடைய திரை காட்டாது. மையம் வந்தது நல்லதுதான், ஐம்பது இடத்தை ஒரே நேரத்தில் பார்க்க முடிகிறது. ஆனால் இடத்துக்கு ஒரு ஆளையும் வைத்துக்கொண்டு மையம் வைத்திருக்க வேண்டும் என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

2010இல் வீடுகளுக்கு ஃபைபர் வரத் தொடங்கியது. அதற்கு அடுத்த ஆண்டு ஓய்வு பெற்றேன். கடைசி வாரம் வரை அந்த அட்டை மேசையில் இருந்தது. பதினான்கில் ஐந்து தோட்டம்தான் மிச்சம். மற்றவை வீடமைப்புத் திட்டங்களாகிவிட்டன, லயத்துச் சனங்கள் பல ஊர்களுக்குப் பிரிந்துபோனார்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் வாசகர்களிடம் நேராகக் கேட்டுக்கொள்கிறேன். ஃபைபரில் மின்சாரம் வராது, ஒளி மட்டும்தான் வரும். வீட்டில் மின்சாரம் போனால் மோடம் அணையும், அதோடு போனும் போகும். கைப்பேசிக் கோபுரத்துக்கும் சில மணி நேரப் பேட்டரிதான். உங்கள் அம்மா அப்பா இன்னமும் தோட்டப்புறத்திலோ கம்பத்து வீட்டிலோ தனியாக இருந்தால், அவர்கள் மோடத்துக்கு ஒரு சின்ன பேட்டரிப் பெட்டி வாங்கி மாட்டிவிடுங்கள். காலையில் ஒரு தடவை அழையுங்கள். எடுக்காவிட்டால் எட்டு மணிக்கு மறுபடி அழையுங்கள். அப்போதும் எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.